யாருடைய நாய் இது?

அங்கம்மாக்கா வீட்டு முன்னால் இஸ்தோப்பில் நின்றபடி இரண்டு கைகளையும் நீட்டினார். நான் குட்டியைக் கொடுத்தேன்.

மழை விட்டு, லயத்து வீடுகளின் கூரைத் தகரங்களிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்த மாலை நேரம். பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு அவர் அப்போதுதான் வந்திருந்தார். இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட இன்னும் அவிழ்க்கவில்லை. விரல்களெல்லாம் கொழுந்துக் கறை.

அதுவரை அந்தக் குட்டியை வாங்கிப் பார்த்த எல்லோரும் ஒரே வேலையைத்தான் செய்திருந்தார்கள். மல்லாக்கத் திருப்புவார்கள், வயிற்றுக்குக் கீழே பார்ப்பார்கள், "பொட்டையா?" என்று கேட்டுவிட்டு என் கையிலேயே வைத்துவிடுவார்கள். அங்கம்மாக்கா திருப்பிப் பார்க்கவில்லை. பிடரியில் ஒரு கையை வைத்து, மற்றக் கையின் பெருவிரலால் அதன் வாயைத் திறந்தார். அரிசி அரிசியாக முளைத்திருந்த பல்லைப் பார்த்தார். நிறைய நேரம் பார்த்தார்.

பிறகு குட்டியைத் திருப்பித் தந்துவிட்டு உள்ளே போய்க் கதவைப் பாதி சாத்திக்கொண்டார்.

என்னோடு வந்திருந்த மாரியாயி அக்கா என் முழங்கையில் இடித்தார். "அந்த வூட்டுப் பக்கம் ஏன் டீச்சர் போனீங்க?" என்று மெதுவாகக் கேட்டார். நான் போகவில்லை, அவர்தான் கையை நீட்டினார் என்று சொல்லியிருக்கலாம். சொல்லத் தெம்பு இல்லை. காலில் செருப்பு ஈரத்தில் ஊறி, நடக்க நடக்கக் கத்திக்கொண்டிருந்தது.

பள்ளிக்கூடம் பார்க்காத டீச்சர்

நான் எந்தப் பள்ளிக்கூடத்திலும் படிப்பித்தவள் இல்லை. இந்தத் தொடரை முதலிலிருந்து வாசிப்பவர்களுக்கு அது தெரியும். தோட்டத்துப் பிள்ளைமடுவத்துக்குப் பொறுப்பாக இருந்தேன், அவ்வளவுதான். காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போகும் தாய்மார் கைப்பிள்ளைகளை எங்களிடம் விட்டுவிட்டுக் கொழுந்து பறிக்க மலைக்குப் போவார்கள். மாலையில் வந்து தூக்கிக்கொண்டு போவார்கள். நடுவில் அந்தப் பிள்ளைகளின் அழுகை, சளி, ஈரத்துணி எல்லாம் எனக்கும் மாரியாயி அக்காவுக்கும் சொந்தம். அவர் அங்கே ஆயா. பிள்ளைகள் மழலையில் என்னை டீச்சர் என்றன. தாய்மாரும் அப்படியே கூப்பிட்டார்கள். மறுத்துச் சொல்லி அலுத்து, விட்டுவிட்டேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. தோட்டங்கள் கம்பனிகளின் கைக்குப் போன புதிது. எங்கள் மடுவத்துக்குப் புதுப் பலகையில் பெயர் எழுதி மாட்டினார்கள். கூரை மட்டும் பழையபடியே ஒழுகியது.

ரோசி எங்கிருந்து வந்தாள் என்று யாருக்கும் தெரியாது. செம்பட்டை நிறம், ஒரு காது மடிந்திருக்கும். பிள்ளைகளின் பிஸ்கட் தூளுக்கு வந்தவள் அங்கேயே தங்கிவிட்டாள். தோட்டத்தில் பாதி நாய்களுக்கு ரோசி என்றுதான் பெயர், மீதிக்கு டைகர். பெயர் யோசிக்க யாருக்கு நேரம்?

விறகுக் கொட்டிலுக்குள் நாலு குட்டி போட்டாள். முதல் வார மழையிலேயே ஒன்று செத்துவிட்டது. மிச்சம் மூன்று. இரண்டு ஆண், ஒன்று பொட்டை. கண் திறந்து நடக்கத் தொடங்கியதும் அவை மடுவத்துக்குள்ளேயே வந்து, தொட்டில்களுக்குக் கீழே பிள்ளைகளோடு சேர்ந்து தூங்கின. பார்க்க அழகாகத்தான் இருந்தது. கொழும்பிலிருந்து மடுவத்தைப் பார்க்க வந்த கம்பனி அம்மாவுக்கு அழகாக இருக்கவில்லை. அவர் வாசலில் கால் வைத்த நேரம் பார்த்து, ஒரு குட்டி பிள்ளை ஒன்றின் பால் கோப்பைக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தது.

மறுநாளே கணக்கப்பிள்ளை வந்து நின்றார். மனுஷர் கெட்டவரில்லை, தலையைச் சொறிந்துகொண்டே சொன்னார். "ஊசி வண்டி வந்து போறதுக்குள்ள ஆள் இல்லாத நாய் ஒண்ணும் தோட்டத்துல இருக்கக் கூடாதுன்னு தொர சொல்லிட்டாருங்க டீச்சர். வூட்டுக்கு ஒரு நாய்தான். ரோசியை வேணும்னா உங்க பேர்ல வச்சுக்கங்க."

மீன் தலை வைத்தவர்கள்

ஊசி வண்டி என்றால் என்னவென்று வெளியூர் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். விசர்நாய்த் தடுப்பூசி போட வருடத்துக்கு ஒரு தரம் பதுளையிலிருந்து ஜீப் ஒன்று வரும். பெரட்டுக்களத்தில் நிற்கும். கொண்டுவருகிறவர்தான் நாயைக் காலிடுக்கில் பிடித்துக்கொள்ள வேண்டும். ஊசி போட்டுக் கழுத்தில் சிவப்புப் பட்டி கட்டி, நாய் யாருடையது என்று கேட்டு எழுதிக்கொள்வார்கள்.

அந்த எழுத்துக்குத்தான் எங்கள் சனம் பயப்படும். எழுதிவிட்டால், பிறகு அந்த நாய் யாரையாவது கடிக்கும்போது பொலிசுக்கு அலைய வேண்டும் என்று ஒரு பேச்சு. அப்படி அலைந்த ஒருவரையும் நான் பார்த்ததில்லை. ஆனாலும் ஊசி நாளன்று தோட்டத்து நாய்கள் அத்தனையும் அநாதைகளாகிவிடும். நேற்று மீன் தலை வைத்தவர் இன்று அந்த நாயைக் கண்ணால் கண்டதே இல்லை என்பார். நாய் அவருடைய காலை நக்கிக்கொண்டிருக்கும்.

லயத்தில் நாய் வளர்ப்பதே அப்படித்தான். ஒரே சுவர், ஒரே இஸ்தோப்பு, வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு கதவு. ஒரு வீட்டில் சோறு, அடுத்த வீட்டில் ரொட்டித் துண்டு, மூன்றாவது வீட்டில் விறகுக் கட்டையால் ஒரு போடு. எல்லோருக்கும் அது சொந்தம், அதனால் ஒருவருக்கும் சொந்தமில்லை.

ஆள் சொல்லாத நாய்களுக்குச் சில நாள் கழித்து இன்னொரு வண்டி வரும். அதைப் பற்றி எழுத எனக்கு இப்போதும் மனம் வரவில்லை. அது வந்துபோன பிறகு லயங்கள் அசாதாரணமான அமைதியோடு கிடக்கும் என்பதோடு விட்டுவிடுகிறேன்.

ஆகவே நான் தேடியது சோறு போடுகிற வீட்டை அல்ல. சோறு எல்லோரும் போடுவார்கள். ஜீப்புக்கு முன்னால் நின்று, இது என் நாய் என்று சொல்ல ஒரு வாய் வேண்டும். போன இடமெல்லாம் ஒரே கேள்வியைத்தான் கேட்டேன், ஊசி அன்றைக்கு யார் பிடித்துக்கொண்டு வருவீர்கள் என்று. நாய்க்கு வேலையுமில்லை, நிற்க நேரமுமில்லை என்பார்கள். அந்த நாட்களில் அது எனக்குத்தான் பொருந்தியது.

ஆண் குட்டிகள் போன கதை

ஆண் குட்டிக்கு அடிபிடி. நான் நான் என்று வந்தார்கள். ஊசிக் கேள்வியைக் கேட்டதும் பாதிப் பேர் கழன்றுகொண்டார்கள்.

ஒன்றைப் பூனாகலையில் கட்டிக்கொடுத்திருந்த என் தங்கைக்குக் கொடுத்தேன். அவள் புருஷன் ஒழுங்கான ஆள், அவனே ஊசிக்குக் கொண்டுபோவான். இன்னொன்று பதுளையில் அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கராக இருந்த ஒருவர் வீட்டுக்குப் போனது. யாழ்ப்பாணத்துக் குடும்பம், ரயில் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் வாடகைக்கு இருந்தார்கள். வாசலில் கேட் இருந்தது, கேட்டில் கொக்கி இருந்தது. எனக்கு அதுவே போதும். பொட்டைக் குட்டியையும் கூடையில் கொண்டுபோயிருந்தேன். அந்த அம்மா அதையும் தூக்கிக் கொஞ்சினார், பிறகு கீழே விட்டுவிட்டார். "பெட்டை எண்டா வேண்டாம் பிள்ளை. அது குட்டி போட்டா, நீர் இப்ப அலையுற மாதிரி நான் அலைய வேணும்," என்றார். அவரோடு கோபிக்க முடியவில்லை, சரியான பேச்சுத்தானே.

பஜாரில் நாங்கள் பால்மா வாங்கும் முஸ்லிம் கடை நானா வேறொரு உதவி செய்தார். தன் வீட்டில் நாய் எடுக்க ஏலாது, கடைக்கு வருகிற ஆட்களிடம் கேட்டுப் பார்க்கிறேன், வைத்துவிட்டுப் போங்கள் என்றார். பிஸ்கட் பெட்டியில் சாக்கு விரித்துக் கடை வாசலில் வைத்தார். அடுத்த வாரம் நான் போனபோது பெட்டியும் இருந்தது, குட்டியும் இருந்தது. பால் குடித்துக் கொழுத்திருந்தது.

"எல்லாரும் தூக்கித் திருப்பிப் பாத்துட்டு வச்சிட்டுப் போறாங்க டீச்சர்," என்றார் நானா. "மனுஷப் புள்ளைக்கே அப்பிடித்தானே பாக்குறாங்க."

கூடையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். நாய்க்கு டிக்கட் இல்லை, இறங்குங்கள் என்று கண்டக்டர் சத்தம் போட்டார். மேலே துவாயைப் போட்டு மூடி, கீரை என்றேன். கீரை அப்போது பார்த்துக் கொட்டாவி விட்டது.

வெலிமடைக்காரர்

அதை வேண்டுமென்று கேட்டு வந்தவர் ஒரே ஒருவர்தான். வெலிமடைப் பக்கம் குத்தகைக்கு நிலம் எடுத்துக் கிழங்கும் லீக்ஸும் போடுகிறவர். மாரியாயி அக்காவுக்குத் தூரத்து உறவு. பொட்டையானாலும் பரவாயில்லை, பன்றி வராமல் குரைத்தால் சரி என்றார். எனக்கு அப்பாடா என்றிருந்தது. கூடையையே எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

பிறகு, வாய் சும்மா இருக்கவில்லை. ராத்திரி எங்கே படுக்கும் என்று கேட்டேன். தோட்டத்து ஓரத்தில் கம்பியில் கட்டிவிடுவோம் என்றார். மழைக்கு? ஒரு சாக்குப் போடலாம் என்றார். கிழங்கு கிண்டி முடிந்து நீங்கள் வேறு நிலத்துக்குப் போனால்?

"போனா, அவுத்து வுட்டுருவோம். அது பாட்டுக்குப் பொழைச்சுக்கும்."

சாதாரணமாகத்தான் சொன்னார். நான் கூடையைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

அன்று மத்தியானம் வரை மாரியாயி அக்கா என் பக்கம் திரும்பாமலே வேலை பார்த்தார். பிள்ளைகளைத் தூங்கவைத்த பிறகு பொறுக்கமாட்டாமல் வந்து, "பொண்ணுக்கு மாப்புள்ள பாக்குற மாதிரி பாக்குறீங்க. ஊசி வண்டிக்கு இன்னும் எத்தன நாளிருக்கு? அதுக்குப் பின்னால வர்ற வண்டி தூக்கிட்டுப் போறதுக்கு, கம்பியில கெடந்தாலும் உசிரோட கெடக்கும்ல?" என்று கேட்டார். அவர் சொன்னதுதான் சரியோ என்று தொட்டில் ஆட்டிக்கொண்டே யோசித்தேன். எனக்கு அழுகைகூட வரவில்லை, அவ்வளவு அலுப்பு. யாராவது வந்து, நீ தூங்கு, மிச்சத்தை நான் பார்க்கிறேன் என்று சொன்னால் போதும் போலிருந்தது.

அன்று மாலைதான் கீழேயிருந்த பணிய லயத்துக்குப் போனோம். கடைசியாக மிஞ்சியிருந்த லயம் அது, அங்கம்மாக்காவின் லயம்.

சித்ரா

அங்கம்மாக்கா வீட்டுப் பக்கம் ஏன் போனீர்கள் என்று மாரியாயி அக்கா கேட்டதற்குக் காரணம் உண்டு.

அவருடைய மகள் சித்ரா எங்கள் மடுவத்தில் வளர்ந்த பிள்ளை. அம்மாவின் பழைய படங்குத் துண்டு ஒன்றின் மூலையைக் கையில் பிடித்துக்கொண்டால்தான் தூங்குவாள். தேயிலை வாசம் அடிக்கும் அந்தத் துண்டைத் துவைக்கக் கொடுத்தால் அன்று முழுக்க அழுவாள். இந்தக் குட்டிகள் பிறப்பதற்குச் சில வருடங்களுக்கு முன்பு, அவள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய காலத்தில், லயத்தில் திரிந்த நாய்க்குட்டி ஒன்று விளையாட்டாக அவள் கையைக் கடித்தது.

குட்டி கடித்தால் விஷம் இல்லை என்று எங்கள் ஆட்களுக்கு ஒரு நம்பிக்கை. காயம் ஒரு கீறல்தான். மஞ்சளும் சுண்ணாம்பும் வைத்தார்கள், நூல் மந்திரித்துக் கட்டினார்கள். நல்ல கொழுந்துக் காலம், பதுளை ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் வேலை கெடும். காயம் ஆறியும் விட்டது. ஆறி, எல்லோரும் மறந்த பிறகு ஒரு நாள் தேத்தண்ணிக் கோப்பையைக் கண்டு சித்ரா பயந்தாள். அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடி என்ன? பிள்ளை திரும்பி வரவில்லை.

அதிலிருந்து அங்கம்மாக்கா தன் வாசலில் எந்த நாயையும் அண்டவிட்டதில்லை. கல்லெடுத்து எறிவார். யாரும் தட்டிக் கேட்கமாட்டார்கள். அப்படிப்பட்டவர் கையை நீட்டி, குட்டியை வாங்கி, பல்லைப் பார்த்தார். அந்த வழியாகக் கூடையைத் தூக்கிக்கொண்டு போயிருக்கவே கூடாது என்றுதான் தோன்றியது.

பெரட்டுக்களத்தில்

ஜீப் வந்தது. காலைப் பெரட்டு முடிந்து, பெண்கள் கூடையோடு மலைக்குக் கிளம்புகிற நேரம். வேடிக்கை பார்க்க எல்லோரும் நின்றுவிட்டார்கள். நாய்களும் வந்திருந்தன, ஆனால் அவற்றோடு வந்தவர்கள் யாருமில்லை.

நான் ரோசியைக் காலிடுக்கில் பிடித்துக்கொண்டு என் பெயரைச் சொன்னேன். சிவப்புப் பட்டி கட்டினார்கள். குட்டி கூடைக்குள் இருந்து எட்டிப் பார்த்தது. ஊசி போடும் ஐயா சிங்களவர், தமிழும் பேசுவார். பேனையால் கூடையைக் காட்டினார்.

"இந்தக் குட்டி யாருட?"

நான் வாயைத் திறந்தேன். பக்கத்தில் நின்ற கணக்கப்பிள்ளை, வீட்டுக்கு ஒன்றுதான், வேண்டாம் என்பதுபோல் தலையை அசைத்தார். ஐயா மறுபடியும் கேட்டார். அந்தக் குட்டிக்கு ரொட்டி போட்டவர்கள் நாலைந்து பேரை எனக்குத் தெரியும். எல்லோரும் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அங்கம்மாக்கா கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு முன்னால் வந்தார்.

"என்னோடதுங்க," என்றார்.

யாரோ சிரித்து, சட்டென்று நிறுத்தினார்கள். அவர் குட்டியைத் தூக்கிப் படங்குச் சாக்கின் முனையால் அதன் வாயைச் சேர்த்துப் பிடித்தார். ஊசி ஏறும்போது குட்டி கத்தியது. அவர் விடவில்லை.

ஐயா பெயரைக் கேட்டார். சொன்னார். நாயின் பெயரைக் கேட்டார்.

"அதுக்குப் பேரெல்லாம் இல்லைங்க. நாய்னே எழுதுங்க. இந்த ஊசி எத்தன வருசத்துக்கு?"

ஒவ்வொரு வருடமும் போட வேண்டும் என்று ஐயா சொன்னார். "சரிங்க, வருசா வருசம் கொண்டாரேன்," என்று சொல்லிவிட்டு, குட்டியை என் கூடைக்குள் போட்டு, வேலை விட்டு வந்து எடுத்துக்கொள்கிறேன் என்றார். அவர் திரும்புகிற நேரம் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. உங்களுக்குத்தான் நாய் என்றாலே ஆகாதே அக்கா என்று கேட்டுவிட்டேன்.

"இப்பவும் ஆகாதுதான் டீச்சர்," என்றார். கொழுந்துக் கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டே சொன்னார். "எம் புள்ளையக் கடிச்ச அன்னைக்கு, அது யாரு நாய், ஊசி போட்டிச்சான்னு கேட்டுக்கிட்டு லயம் பூரா கதவு கதவாத் தட்டுனேன். ஆறு வூட்டுல அதுக்குச் சோறு வச்சவங்க. ஒருத்தரும் எங்க நாய்னு சொல்லல."

அதற்கு மேல் நிற்கவில்லை, மலைக்குப் போய்விட்டார்.

வருஷா வருஷம்

அவர் அந்த நாயைக் கொஞ்சி நான் பார்த்ததில்லை. தடவிக்கூடக் கொடுத்ததில்லை. "ஏய் நாயே" என்றுதான் கூப்பிடுவார், அது வாலை ஆட்டிக்கொண்டு ஓடி வரும். வேளைக்குச் சோறு வைப்பார், வேலைக்குப் போகும்போது கட்டிவிட்டுப் போவார், லயத்துப் பிள்ளைகள் கிட்டப் போனால் விரட்டுவார். பதுளையில் நாய்களுக்குக் குட்டி போடாத ஒப்பரேஷன் செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும், முழுதாக ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு, கொழுந்துக் கூடைக்குள் அதை வைத்து பஸ்ஸில் கொண்டுபோனார். ஊசி நாளில் ஜீப் வருமுன்பே களத்தில் முதல் ஆளாக நிற்பார். இரண்டொரு வருடத்தில் அவருக்குப் பின்னால் இன்னும் சிலர் வந்து நின்றார்கள், வெட்கப்பட்டுக்கொண்டே.

இரண்டாயிரம் பிறந்து பல வருடங்கள் கழித்து, கிழடு தட்டி அது செத்துப்போனது. அங்கம்மாக்காவும் அப்போது வேலையிலிருந்து நின்றுவிட்டார். நான் மட்டும் மாறவில்லை. அந்த வருஷமும் யாரோ பாலத்தடியில் சாக்கோடு விட்டுப்போன குட்டிகளைக் கூடையில் வைத்துக்கொண்டு, இடுப்பு வலியோடு லயம் லயமாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன். வழக்கம்போல் கடைசியில் ஒன்று மிஞ்சியது. வழக்கம்போல் பொட்டை.

பணிய லயத்தில் அவர் இஸ்தோப்பில் உட்கார்ந்து அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தார். நான் கேட்கவில்லை. சுளகைக் கீழே வைத்துவிட்டு அவரே இரண்டு கைகளையும் நீட்டினார்.

திருப்பிப் பார்க்கவில்லை. பிடரியைப் பிடித்து, பெருவிரலால் வாயைத் திறந்து, பல்லைப் பார்த்தார். நான் வாங்கிக்கொள்ளக் கையை நீட்டிக்கொண்டு நின்றேன்.

"ஊசி வண்டி எப்ப வருதுன்னு சொல்லி வுடுங்க டீச்சர்," என்றார். குட்டியை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு கையால் மீண்டும் அரிசியைப் பொறுக்கத் தொடங்கினார்.